கவனம் தேடுவதும், பாதிக்கப்பட்டவர் என்ற ஏற்பைக் கேட்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்கட்கிழமைதோறும் திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வருபவர்களுக்கு மனு எழுதித் தருவது என் தொழில். மனுதாரருடன் துணைக்கு வரும் உறவினரும், அவரை அறிந்த ஊர்க்காரரும், சில சமயம் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர்களும்கூட என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்திலிருந்து பிறந்தவை: இவருக்கு உண்மையிலேயே அநியாயம் நடந்திருக்கிறதா, அல்லது நாலு பேர் தம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக இப்படி அலைகிறாரா? இந்தச் சந்தேகத்தைப் பொறுப்போடு எதிர்கொள்ள வேண்டும் என்பதால் விடைகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கவனத்தை விரும்புவதற்கும், பாதிக்கப்பட்டவர் என்ற ஏற்பை நாடுவதற்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

கவனத்தை விரும்புபவருக்கு வேண்டியது பிறருடைய பார்வை. யார் பார்க்கிறார்கள் என்பதும், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதும் அவருக்குப் பெரிதல்ல. பார்வை தம் பக்கம் திரும்பிவிட்டால் அப்போதைய தேவை நிறைவேறிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் என்ற ஏற்பை நாடுபவருக்கு வேண்டியது ஒரு பதில். நடந்ததாகத் தாம் சொல்வது நடந்ததுதான் என்றும், அது தவறுதான் என்றும், அதைச் செய்தவர் இன்னார்தான் என்றும், அது தம்முடைய குற்றமன்று என்றும், அதைச் சொல்லக் கடமைப்பட்டவருடைய வாயிலிருந்து கேட்க அவர் விரும்புகிறார். அந்தப் பதில் வராத வரையில் ஊரே கூடி நின்று பார்த்தாலும் அவருடைய குறை தீர்வதில்லை. வந்துவிட்டால், அது மூடிய அறைக்குள் ஒரே ஒருவரிடமிருந்து வந்தாலும், பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர் கொண்டுபோய்க் கொடுத்த பீடிகளில் ஒரு பகுதியைச் சரியில்லை என்று கழித்துவிட்டு, கழித்த பீடிகளையும் திருப்பித் தராமல், ஏன் என்று கேட்டதற்கு எல்லார் முன்னிலையிலும் ஒருவர் இழிவாகப் பேசியும் விட்டார். அந்தப் பெண் மனு எழுத வந்தால், பறிபோன கூலியைவிடத் தம்மிடம் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை மனுவில் அப்படியே எழுத வேண்டும் என்பதில்தான் உறுதியாக இருப்பார். அந்தச் சொல்லைத் தம் தெருவில் யாரும் அறியக்கூடாது என்றும் அதே மூச்சில் கேட்டுக்கொள்வார். அதிகாரி அறிய வேண்டும், தெரு அறியக்கூடாது என்ற அந்த இரட்டை வேண்டுகோளைக் கேட்ட பிறகு, அவர் கவனத்தைத் தேடி வந்தார் என்று என்னால் எண்ண முடிவதில்லை.

அப்படியானால் கவனத்தை விரும்புவது தவறா?

தவறில்லை. குழந்தை அழுவதும், முதிய வயதில் தனித்திருக்கும் ஆச்சி வாசலில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திப் பேசுவதும் கவனத்தை விரும்பித்தான். மனிதர் மனிதரால் பார்க்கப்பட்டுத்தான் வாழ முடியும். என் மறுப்பெல்லாம், ஒருவகைத் தேவையை வேறொருவகைத் தேவையின் பெயரால் அழைத்து, அதைக் கேட்காமலேயே விட்டுவிடுவதைப் பற்றியது.

நேரில் பார்க்கும்போது இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

சத்தம், அழுகை, மிகைப்படுத்தல் ஆகியவற்றை அளவுகோலாக வைத்தால் தவறிவிடுவோம். உண்மையில் பாதிக்கப்பட்டவர்களும் மிகைப்படுத்திச் சொல்வதுண்டு. ஏனென்றால் அளவாகச் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. அதேபோல, நடந்ததை உணர்ச்சியே இல்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் போல ஒப்பிப்பவர்களும் உண்டு. அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் இப்படி உணர்வு மரத்துப்போவது இயல்பானது என்று மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

நான் கவனிப்பவை வேறு. முதலாவது, இவருக்கு எது நடந்தால் போதும் என்ற கேள்வி. "உங்களுக்கு என்ன செய்தால் மனம் ஆறும்?" என்று நேரடியாகவே கேட்டுவிடுவேன். ஏற்பை நாடுபவரிடம் இதற்குத் திட்டமான விடை இருக்கும்: அவர் வந்து செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும், பெயரில் விழுந்த பழி நீங்க வேண்டும், பதிவேட்டில் இருப்பதைத் திருத்த வேண்டும், இனி இன்னொரு பெண்ணுக்கு அவர் இப்படிச் செய்யாமல் இருக்க வேண்டும். கவனத்தை மட்டும் நாடுபவரிடம் முடிவு என்ற ஒன்று இருக்காது. ஒன்று கிடைத்ததும் வேறொன்று முளைக்கும். இரண்டாவது, அவர் யாரைத் தேடிப் போகிறார் என்பது. சொல்ல வேண்டிய இடத்தை, அது கடினமான இடமாக இருந்தாலும், தேடிப் போகிறவர் ஏற்பைக் கேட்கிறார். மூன்றாவது, சொல்வதால் அவர் இழப்பது என்ன என்பது. வேலை, திருமணப் பேச்சு, பிறந்த வீட்டின் உறவு, ஊரில் தலைநிமிர்ந்து நடக்கும் நிலை ஆகியவற்றை இழக்கும் அபாயம் தெரிந்தே ஒருவர் பேசுகிறார் என்றால், நாலு பேருடைய பார்வைக்காக அந்த விலையைக் கொடுக்கிறார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இந்த மூன்றையும் வைத்து யாருக்கும் உறுதியான தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஒரே மனிதருக்குள் இரண்டு தேவைகளும் சேர்ந்தே இருக்கலாம். அநியாயம் இழைக்கப்பட்டவர் ஆறுதலான பார்வையையும் விரும்புவார்தானே? அதனால் அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயம் குறைந்துவிடாது.

நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? பிறகும் ஏற்பு வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள்?

ஒன்றை அறிந்திருப்பது வேறு, அதை ஒப்புக்கொள்வது வேறு. இதற்கு நம் ஊரைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற பேரணியின் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தப்பிக்க இறங்கியவர்கள் தாமிரபரணியில் சிக்கிக்கொள்ள, கைக்குழந்தை ஒன்று உட்பட 17 பேர் உயிரிழந்தனர். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த நிகழ்வு தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டது. அதற்குக் கவனம் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் மக்கள் வந்து ஆற்றில் மலர் தூவி நினைவுகூர்கிறார்கள். அங்கே நிற்பவர்கள், அது வெறும் விபத்தன்று, செய்யப்பட்ட ஒன்று என்பதை, செய்த தரப்பு தன் வாயால் சொல்லக் காத்திருக்கிறார்கள். கேமராக்கள் வரும் ஆண்டிலும் வராத ஆண்டிலும் அவர்கள் வருகிறார்கள் என்பதை, கவனத்தையும் ஏற்பையும் குழப்பிக்கொள்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெருவில் இறங்கிச் சத்தம் போடுபவரைக் கவனம் தேடுபவர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அவர் அதற்கு முன்பு எந்தெந்தக் கதவுகளைத் தட்டினார் என்று முதலில் கேளுங்கள். ஏற்பு மறுக்கப்பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் கவனம் கருவியாகிறது. தொழிற்சங்கங்கள் கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டம் என்று பலகை கட்டி வெளிப்படையாகவே செய்கின்றன. அதற்காக அவற்றின் கோரிக்கை பொய் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. தனி மனிதர் அதையே செய்தால் மட்டும் அவருடைய குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு கொடுத்திருந்த கூலித் தொழிலாளி ஒருவரும் அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீயில் உயிரிழந்தனர். அன்றிலிருந்து நுழைவாயிலில் மனுதாரர்களின் பைகளைச் சோதிக்கிறார்கள். உயிர்களைக் காக்க அது தேவைதான். ஆனால் அந்தக் குடும்பம் முதலில் கொடுத்தது மனுக்களைத்தான் என்பதை அந்த வாயிலைக் கடக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே தமிழ்நாட்டில் இருந்துவருகிறது. ஒரு மனுவுக்காவது, "உங்களுக்கு நடப்பது குற்றம், அதைச் செய்பவரை அழைத்து விசாரிக்கிறோம்" என்ற பதிலும் அதற்கேற்ற செயலும் கிடைத்திருக்க வேண்டும்.

தற்கொலை செய்துகொள்வேன் என்று சொல்பவர் கவனத்துக்காக மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மிரட்டலா இல்லையா என்று ஆராய்வது உங்கள் வேலையன்று; அவரைத் தனியே விடாமல் இருப்பதும், அவர் சொல்வதைக் கேட்பதும், உதவிக்கு அழைப்பதும்தான் உங்கள் வேலை. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம்.

அப்படி நடந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்க மாட்டாரா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அப்போதே சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் சொல்லாமல் இருக்கிறார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துவந்த ஒரு மாணவர், உடன் படித்தவர்களின் சாதித் துன்புறுத்தலைத் தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியில் விசாரித்தபோது காரணத்தைச் சொன்னார். அதன்பின் இரவில் வீடு புகுந்து அவரையும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். மாணவர்களிடையே சாதி உணர்வால் எழும் வன்முறையைத் தடுப்பதற்கான வழிகளைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது இதற்குப் பிறகுதான். அந்தக் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்த மாணவர் முதலில் செய்தது ஒதுங்கிக்கொண்டதுதான். அவர் சொன்னபோது கிடைத்தது வெட்டு. இந்தச் செய்தியைப் படித்த எத்தனை பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணினால் மனம் பதைக்கிறது.

காலதாமதம் என்ற ஒன்றையே பொய்க்குச் சான்றாக நீதிமன்றங்களும் கொள்வதில்லை. பாலியல் குற்றங்களில் குடும்ப மானம் பற்றிய தயக்கத்தால் புகார் தாமதமாவது இயல்பு என்றும், பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் வேறு சான்றின் துணையில்லாமலேயே அதை ஏற்கலாம் என்றும் பஞ்சாப் மாநில அரசுக்கும் குர்மித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அவர் ஏன் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்?

செய்தவருக்கு அந்த நிகழ்வு முடிந்துவிட்டது, பட்டவருக்கு முடியவில்லை. ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிறர் தம்மைக் கோபப்படுத்திய ஒரு நிகழ்ச்சியையும், தாம் பிறரைக் கோபப்படுத்திய ஒரு நிகழ்ச்சியையும் ஒரே ஆட்களையே எழுதச் சொன்னார்கள். தாம் பட்டதை எழுதும்போது, அதன் விளைவு நீண்டு இன்றுவரை தொடர்வதாக எழுதினார்கள்; தாம் செய்ததை எழுதும்போது, அது எப்போதோ நடந்து முடிந்த தனி நிகழ்ச்சி என்றும், அதற்குக் காரணம் இருந்தது என்றும் எழுதினார்கள். அவர்கள் நல்லவர், கெட்டவர் என்று இரு கூட்டமாக இருக்கவில்லை. ஒரே ஆள்தான் இரண்டையும் எழுதினார். "பழசைப் பேசிக்கொண்டே இருக்கிறாள்" என்ற சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இது ஓரளவுக்கு விளக்குகிறது. அத்துடன், பதில் கிடைத்த கேள்வியை யாரும் திரும்பக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வேதனையைச் சொன்னதும் "நாடகம் போடுகிறார்" என்று சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது?

அவர் சொல்வது உண்மை என்றால் நாம் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதால்தான் என்று நினைக்கிறேன். மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சி பெறுவதாகப் பார்வையாளர்களை நம்பவைத்தார்கள். அந்தத் துன்பத்தைத் தங்களால் நிறுத்த முடியாது என்று அறிந்த பார்வையாளர்கள், காலப்போக்கில் அந்தப் பெண்ணையே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப விரும்பும் மனம், நியாயமில்லாமல் துன்புறும் ஒருவரைக் கண்டால், அவரிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று முடிவு செய்து அமைதி தேடிக்கொள்கிறது. "செஞ்ச பாவம்", "தலையெழுத்து" என்று நாம் சொல்வதிலும் இந்த அமைதி தேடல் கலந்திருக்கிறது.

குடும்பத்துக்குள் இது இன்னும் கடுமையாக இருக்கும். கணவன் அடித்ததைச் சொல்ல வரும் பெண்ணிடம், "ஏட்டி, எல்லா வீட்டுலயும் நடக்கதுதான, இதப் போயி வெளிய சொல்லிக்கிட்டு அலையுத?" என்று சொந்தப் பெரியம்மையே கேட்பார். பெரியம்மைக்கு அவள் மீது அன்பில்லாமல் இல்லை. தாமும் வாங்கிய அடியைத் தவறென்று யாரும் சொல்லாத ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்தவர் அவர். இன்று இவளுக்கு நடந்தது தவறு என்று ஏற்றால், அன்று தமக்கு நடந்ததும் தவறு என்று ஏற்க வேண்டியிருக்கும். இதைப் புரிந்துகொண்டால் அவர் மீதும் இரக்கம் வருகிறது. ஆனால் அவர் சொன்னதைச் சரியென்று விட்டுவிட முடியாது.

சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறதா?

மிக நன்றாக அறிந்திருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்கீழ் இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகளைப் பொறுத்தவரை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஊடகங்களுக்கு இதே கட்டுப்பாட்டை விதிக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் புகாரையும் விசாரணையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு முழு ஏற்பு உண்டு, ஆனால் அவர் மீது ஊரார் பார்வை விழக்கூடாது என்பதுதான் இவற்றின் சாரம். ஏற்பும் கவனமும் ஒன்றாக இருந்திருந்தால் இப்படி ஒரு சட்டத்தை எழுதியிருக்கவே முடியாது.

பாதிக்கப்பட்டவர் என்பவருக்கு நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நெடுங்காலம் தனி இலக்கணம் இருக்கவில்லை. அவர் அரசுத் தரப்பின் சாட்சியாக மட்டும் கருதப்பட்டார். 2008-ஆம் ஆண்டின் திருத்தம், 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அவருக்கு இலக்கணமும், மேல்முறையீடு செய்யும் உரிமையும், இழப்பீட்டுத் திட்டமும் கிடைத்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவற்றைத் தொடர்வதுடன், விசாரணையின் முன்னேற்றத்தைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு, பிணை மனு விசாரணையிலும்கூடப் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் பலருக்கும் எடுத்துச் சொல்வது, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 நவம்பர் 29 அன்று ஏற்ற பிரகடனத்தின் ஒரு கருத்து. குற்றம் செய்தவர் அடையாளம் காணப்பட்டாலும் இல்லாவிட்டாலும், பிடிபட்டாலும் இல்லாவிட்டாலும், தண்டிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் பாதிக்கப்பட்டவராகக் கருதப்படலாம் என்று அது சொல்கிறது. வழக்கில் குற்றவாளி விடுதலையாகிவிட்டதால் தமக்கு எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டதோ என்று மருகுபவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னால், முகத்தில் ஒரு தெளிவு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இழப்பீட்டுப் பணத்துக்காகத்தான் இதெல்லாம் என்று சொல்கிறார்களே?

பணமும் வேண்டும், அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவச் செலவும், போன கூலியும், வழக்குக்காக அலைந்த பேருந்துக் கட்டணமும் யார் கையிலிருந்து போயின? ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடு என்று ஊர்ப்பெரியவர்கள் சமரசம் பேசும்போது, பணத்தை மறுத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. அந்தப் பணம், நடந்ததை ஒப்புக்கொண்டதன் அடையாளமாக வராமல், நடந்ததை மூடுவதற்காக வருகிறது என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

பொய்ப் புகார் கொடுப்பவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். நிலத்தகராறில் எதிரியை மடக்குவதற்காக வேறு குற்றம் சேர்த்து எழுதச் சொல்லி என்னிடமே வந்தவர்கள் உண்டு. எழுத மறுத்து அனுப்பியிருக்கிறேன். பொய்ப் புகாரால் சிக்குபவரும் பாதிக்கப்பட்டவரே. அவருக்கும் இதே ஏற்பு உரியது. ஆனால் பொய்யையும், நிரூபிக்க முடியாததையும் ஒன்றாகக் கருதக்கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தீய நோக்கத்துடன் கொடுத்த பொய்ப் புகாருக்கு நடவடிக்கை எடுக்க இடமளிக்கிறது. அதே பிரிவு, போதிய சான்று தர இயலவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் புகார்தாரர் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. இந்த நிதானம் நம் பேச்சிலும் இருக்க வேண்டும்.

பாதிப்பையே வாழ்நாள் அடையாளமாக்கிக்கொள்பவரைப் பற்றி என்ன சொல்வது?

இது கடினமான கேள்வி. இஸ்ரேலைச் சேர்ந்த ரஹாவ் கபாயும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மை எப்போதும் பாதிக்கப்பட்டவராகவே காணும் மனப்போக்கு ஒன்றை விவரித்து, அதில் நான்கு கூறுகள் இருப்பதாகச் சொன்னார்கள்: தம் பாதிப்பைப் பிறர் ஏற்க வேண்டும் என்ற தேவை, தாம் மட்டுமே நெறியுள்ளவர் என்ற எண்ணம், பிறருடைய துன்பத்தின் மீது இரக்கமின்மை, நடந்ததையே மனத்துக்குள் அரைத்துக்கொண்டிருத்தல். இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, ஏற்பைக் கேட்பவர் எல்லாரும் அந்த மனப்போக்கு உடையவர்கள் என்று சிலர் வாதிடுவது சரியன்று. ஏற்பு வேண்டும் என்ற தேவை அந்த நான்கில் ஒன்றுதான். அநியாயம் இழைக்கப்பட்ட எவருக்கும் அது இருக்கும். மற்ற மூன்றும் சேரும்போதுதான் அது சிக்கலாகிறது. அவற்றில் இரக்கமின்மையையே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். பட்டவர் பெரும்பாலும் இன்னொருவர் படுவதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார். என்னிடம் மனு எழுத வந்து, பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் வேறொருவரை முதலில் கவனிக்கச் சொன்னவர்கள் பலர். தம் துன்பத்தைத் தவிர வேறெவருடைய துன்பத்தையும் துன்பமாகவே கருதாதவரைக் கண்டால், அவருக்கு மனுவைவிட மனநல ஆலோசனை அதிகம் உதவும் என்று மரியாதையாகச் சொல்லலாம். அப்போதும், அவருக்கு முதலில் நடந்த அநியாயத்தை யாராவது எப்போதாவது ஏற்றார்களா என்பதை விசாரியுங்கள். ஆறாத புண்ணைச் சொறிந்துகொண்டே இருப்பவரைத் திட்டுவதால் புண் ஆறுவதில்லை.

என் வீட்டிலேயே ஒருவர் தமக்கு நடந்ததைச் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?

அண்ணன், மைனி, மகள், வேலைக்கு வரும் அக்கா, யாராக இருந்தாலும், முதலில் முழுவதையும் இடைமறிக்காமல் கேளுங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நடந்தது உண்மையா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டாலும், "இப்படி நடந்திருந்தால் அது தப்பு, உன்மேல் குற்றமில்லை" என்று சொல்வதற்கு எந்த விசாரணையும் தேவையில்லை. அதன்பின் அவருடைய அனுமதியில்லாமல் யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள். சித்தப்பாவிடம் சொன்னால் அவர் நியாயம் கேட்பார் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டால், ஏற்பைக் கேட்டு வந்தவருக்கு அவர் கேட்காத கவனத்தைத் தேடிக் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் மட்டும் இது பொருந்தாது. அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் கட்டாயம்.

செய்தவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால்?

பலருக்கு அப்படித்தான் முடிகிறது. அப்போது ஏற்பு வேறு இடங்களிலிருந்து வர வேண்டும், வரவும் முடியும். குடும்பம் ஒப்புக்கொள்ளலாம், தொழிற்சங்கம் ஒப்புக்கொள்ளலாம், நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு பத்தி ஒப்புக்கொள்ளலாம். நம் பகுதியில் இதற்கு நெடிய மரபு ஒன்று இருக்கிறது. ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதைகளில் பல, அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதைகள். கொன்றவரின் வழியினரே கொடை நடத்தும் கதைகளும் அவற்றில் உண்டு. கதை கொலை நிகழும் கட்டத்தை எட்டும்போதுதான் பெரும்பாலும் சாமியாடிக்கு அருள் வரும். ஊர் முழுவதும் கூடியிருந்து, கொன்றது இன்னார், கொன்ற முறை இது, கொல்லப்பட்டவர்மேல் குற்றமில்லை என்பதை ஆண்டுதோறும் மீண்டும் கேட்கிறது. செத்தவர்களுக்கு இவ்வளவு பொறுமையாகக் கொடுக்கத் தெரிந்த ஒன்றை, உயிரோடு நம் முன் வந்து நிற்பவருக்குக் கொடுக்க நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஏற்பைக் கேட்டு எங்கே போவது?

உடனடி ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இல்லாவிட்டாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் பாலியல் துன்புறுத்தல் புகாரைக் கொடுக்கலாம். நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம்வரை நீட்டிப்பு உண்டு. காவல் நிலையத்தில் மனுவைக் கொடுத்தால் மனு ரசீதோ முதல் தகவல் அறிக்கையின் நகலோ கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்; முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். குற்றம் வேறு எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், எல்லை பாராமல் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். அப்போதும் மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையருக்கு, அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மனுவில் நடந்ததைத் தேதி, இடம், சொல் மாறாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.